மறு அறிவிப்பு வரும் வரை

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. அந்தப் பைய மட்டும் தொடாதீங்க, நானே நகத்தி வச்சுக்கிறேன். உள்ள மைக்கு இருக்கு. பழைய செட்டு, கொஞ்சம் அசங்குனாலும் ஒயர் பிச்சுக்கும். டவுனுக்கா? நானும் அங்கதான், கலெக்டர் ஆபீஸுக்கு. நல்லதாப் போச்சு, பேச்சுத் துணையாச்சு.

என்னா, குரல எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? எல்லாரும் அதத்தான் கேப்பாங்க. மூஞ்சியப் பாத்தா தெரியாது, வாயத் தொறந்தாத்தான் தெரியும். மைக் குஞ்சிதபாதம்னா இந்தக் கடக்கரையோரம் பூரா அத்துப்படி. ஜவுளிக்கடையில ஆடித் தள்ளுபடியா, கூப்புடு குஞ்சிதபாதத்த. கரண்டு நிறுத்தமா, காணாமப் போன மாடா, கோயில் கும்பாபிஷேகமா, எல்லாத்துக்கும் நம்ம ஆட்டோதான். சாவு விழுந்தாலும் நான்தான். ஒரு ஆளு செத்தான்னா ஊரு சனம் டாக்டர நம்பாது தம்பி, நான் மைக்குல சொன்னப்புறம்தான் பொம்பளைங்க எழவுக்குக் கெளம்புவாங்க.

பெருமைக்குச் சொல்லல. இருந்ததச் சொல்றேன்.

இன்னைக்கு அங்க கூட்டம். புயலு வெள்ளம்னு வந்தா அரசாங்கம் நிவாரணம் குடுக்குது பாருங்க, அந்த முறையவே மாத்தப் போறாங்களாம். சனங்கள்ட்ட கருத்துக் கேக்குறாங்களாம், யார் வேணாலும் வந்து பேசலாமாம். ஆளாளுக்கு ஆயிரம் சொல்லுவாங்க. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. 'இனிமே தொடலாம்'னு ஒரு வரி எழுதி, கீழ ஒரு கையெழுத்து. அதக் கையில வாங்கிட்டேன்னா நேரா கீழப்பனங்காட்டுக்குப் போயி தையல்நாயகி வீட்டு முன்னால நின்னு வாசிச்சுருவேன். அதுவும் இடிஞ்ச வீட்ட எடுத்துக் கட்டிக்கும், நானும் ராத்திரியில கண்ண மூடுவேன்.

சிரிக்காதீங்க. தொடலாங்கறதுக்கு ஒரு கையெழுத்தான்னு நெனைக்கிறீங்க. முழுசா கேளுங்க, அப்புறம் சிரிங்க.

அந்தப் புயல் அடிச்சப்ப நீங்க எங்க இருந்தீங்க? மெட்ராஸுலயா? அப்ப டிவியில பாத்துருப்பீங்க. நாங்க கேட்டோம் தம்பி. புயல்ங்கறது பாக்குறதில்ல, கேக்குறது. தென்ன மரம் ஒடியிற சத்தம் இருக்கே, இப்பவும் ஒரு மட்ட விழுந்தாலே நான் வாசலுக்கு ஓடியாந்துருவேன். விடிஞ்சு பாத்தா ஊரையே காணும். கூரையெல்லாம் கூட்டி அள்ளுன மாதிரி போயிட்டு. கீழப்பனங்காட்டுக்குப் போற ஒத்தப் பாதையில மரம் மேல மரமா விழுந்து கெடக்கு.

மறுநாளே தாலுக்கா ஆபீஸுலேருந்து ஆளு வந்துட்டாங்க என்னத் தேடி. கரண்டு இல்ல, போனு இல்ல, சனங்களுக்குச் சேதி சொல்லணும்னா குஞ்சிதபாதத்த விட்டா யாரு? ஒரு தாளக் குடுத்து இத வாசிச்சுக்கிட்டே ஊரு ஊராப் போன்னாங்க. அதுல என்ன போட்டுருந்துச்சுன்னா, 'கணக்கெடுப்பு முடியும் வரை சேதமடைந்த வீடு, மரம் எதையும் தொட வேண்டாம்.' அவ்வளவுதான். மொட்டையா.

நான் சொன்னேன், சார், இது அறிவிப்பு மாதிரி இல்லியே, வீட்டுல புள்ளைங்கள அதட்டுற மாதிரில்ல இருக்குன்னேன். ஏதோ பண்ணுய்யான்னுட்டு ஜீப்புல ஏறிட்டாரு. ஆயிரம் வேல அவருக்கு. அதனால நம்ம கைச்சரக்கு கொஞ்சம் சேத்தேன். முன்னால 'பொதுமக்களுக்கு ஓர் முக்கிய அறிவிப்பு' போட்டேன். அப்புறம் 'கணக்கெடுப்பு முடியும் வரை'ங்கறத எடுத்துட்டு, 'மறு அறிவிப்பு வரும் வரை'ன்னு போட்டேன். அது வேற எடுப்பு தம்பி. கரண்டு கட்டுக்கு அதான், ரேஷன் கட லீவுக்கு அதான். அது இல்லன்னா ஒரு அறிவிப்புக்கு முடிவே இல்லாத மாதிரி இருக்கும்.

இப்பச் சொல்லிக் காட்டட்டா? வேணாம். பஸ்ஸுல வேணாம். நம்ம ஊரு சனம் ரெண்டு மூணு பேரு முன்னால உக்காந்துருக்கு, இந்தக் குரல்ல அதக் கேட்டா எந்திரிச்சுப் போயிடுவாங்க.

பென்டிரைவுல பதிஞ்சு, ஆட்டோவுல ஓட விட்டு, தெருத்தெருவாச் சுத்துனேன். அந்தக் குரலுக்கு அன்னைக்கு ஒரு மரியாத இருந்துச்சு பாருங்க. வீட்டுக்கு மேல மரம் கெடக்கு, அருவாளத் தூக்குனவன் என் குரலு கேட்டு அருவாளக் கீழ வச்சான். நான் கண்ணால பாத்தேன்.

அப்புறம் கணக்கெடுக்கிற குழு வந்துச்சு. தார் ரோட்டுல ஜீப்ப நிறுத்திட்டாங்க. கீழப்பனங்காட்டுப் பாதை அடஞ்சு கெடக்குல்ல. ஆர்.ஐ., அதான் ரெவின்யூ இன்ஸ்பெக்டரு, எறங்கிப் பாத்துட்டு, மரத்த அப்புறப்படுத்துங்க, நாங்க உள்ள வர்றோங்கறாரு. மரத்தத் தொடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, மரத்தையும் எண்ணணும்லங்கறாங்க சனங்க. அவரு, எண்ணணும்னா நாங்க உள்ள வரணும்லய்யாங்கறாரு. வாங்க சார்ங்கறாங்க. மரம் கெடக்கேய்யாங்கறாரு. ரெண்டு பக்கமும் நியாயம். யாரைத் தப்பு சொல்லுவீங்க? கடைசியில அடுத்த வாரம் வர்றோம்னு போயிட்டாங்க. போனவங்க போனவங்கதான்.

பாதைய ஒட்டுன தெருவுல இருந்தவங்க கொஞ்சம் ரோஷக்காரங்க. இது ஆவுறதில்லன்னு மரத்த அறுத்துப் போட்டாங்க, கையில காசிருந்தவன் கீத்து வாங்கிக் கூரை போட்டான். பாதை தொறந்துச்சா, குழு உள்ள வந்துச்சு. வந்து பாத்தா வீட்டுக்கு மேல புதுக் கீத்து. இந்த வீட்டுக்கு என்னய்யா கேடு, நல்லாத்தானே இருக்குன்னு எழுதிட்டாங்க. சேதமில்ல. தொட்டவனுக்கெல்லாம் சேதமில்ல. இருட்டுற நேரமாச்சு, தெருக்கோடி வரைக்கும் போகாமத் திரும்பிட்டாங்க. அப்புறம் மார்ச்சு வந்துருச்சு. ஒதுக்குன பணம் மார்ச்சுக்குள்ள செலவாகலன்னா வந்த எடத்துக்கே திரும்பிப் போயிடுமாம். அது போயிருச்சு. அதுக்கு மட்டும் பாதை அடையல பாருங்க.

அந்தத் தெருக்கோடி வீடுதான் தையல்நாயகியோடது. புருஷன் வீரையன், உப்பளத்துல வேல. நல்ல மனுசன், வாய் பேசமாட்டான். வீடு மூணு பக்கமும் உக்காந்துட்டு, ஒத்தச் செவரு மட்டும் சாஞ்சாப்புல நிக்கிது. மத்த சனம் நிவாரணம் போனாப் போவட்டும்னு ஒதுங்கிட்டாங்க. தையல்நாயகி மட்டும் அசையல. தொட்டவங்களுக்கு இல்லன்னு ஆனதக் கண்ணால பாத்துருச்சுல்ல. அப்ப தொடாதவங்களுக்கு வரும்ங்குது. கணக்கு சரிதானே? அந்தச் செவத்துல ஒரு தார்ப்பாயக் கட்டி ரெண்டு பேரும் கெடந்தாங்க. என் ஆட்டோ சத்தம் கேட்டாப் போதும், அரிசி களைஞ்ச கையோட ஓடி வரும். 'அண்ணே, மறு அறிவிப்பு வந்துருச்சா?' இன்னும் இல்லம்மான்னு சொல்லிட்டுப் போவேன். வேற என்ன சொல்றது, வரலியே.

ஐப்பசி பொறந்து மழை புடிச்சப்ப ஒரு நாள் ரோட்டுல நின்னு ஆட்டோவ மறிச்சுச்சு.

"அண்ணே, செவரு ரொம்பச் சாயுது. அவரு ஒரு பனங்கழியில முட்டு குடுப்பமாங்கறாரு. குடுக்கலாமா?"

ஊருல இத்தன பேரு இருக்க, என்கிட்ட வந்து கேக்குது பாருங்க. சும்மா ஏதாவது சொல்லிட்டுப் போறதா? நின்னு யோசிச்சுத்தான் சொன்னேன்.

"முட்டு குடுத்தாலும் கை பட்டதுதாம்மா. நாளைக்கு வந்து பாக்குறவன், நிக்கிற செவருதானேன்னு எழுதிட்டான்னா? தொட வேண்டாம்னா தொட வேண்டாம்தான்."

"சரிண்ணே."

ஒரு எதிர்ப்பேச்சு இல்ல. நம்ம வார்த்தைக்கு அது வச்சுருந்த மதிப்பு அப்புடி. நான் சொன்னதும் சரியான சட்டம்தான், எந்த ஆபீஸரக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவாரு. நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க.



செவரு விழுந்துட்டு. மழைக்கு ஒதுங்கி அதோரமாக் குந்தியிருந்துருக்கான் வீரையன். பட்டப்பகல்ல. தையல்நாயகி கடைக்குப் போயிருந்துச்சு. திரும்பி வந்து பாத்துட்டு, சத்தம் போட்டு ஆளக் கூப்புடல. கூப்புட்டா ஓடியாந்து மண்ண அள்ளுவாங்கல்ல, அள்ளலாமா கூடாதான்னு ஒரு நிமிஷம் நின்னுச்சாம். பக்கத்து வீட்டுப் பொம்பள சொன்னா. நம்புறதா வேணாமான்னு எனக்குத் தெரியல. நம்பாம இருக்கத்தான் பாக்குறேன்.

அந்தச் சாவுக்கும் நான்தான் மைக்கு. ஒரு பைசா வாங்கல. 'கீழப்பனங்காடு வீரையன் அவர்கள் இன்று பிற்பகல் இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' ஒரு எழுத்து பெசகல. சுடுகாடு வரைக்கும் ஓட்டிட்டுப் போனேன்.

அப்புறம் தையல்நாயகிக்காக நான்தான் தாலுக்கா ஆபீஸுக்கு அலஞ்சேன். புயல்ல செத்தவங்களுக்குப் பணம் உண்டுல்ல. அங்க இருந்த கிளார்க்கு சொல்றாரு, புயலு போயி வருஷம் ஆவப் போவுது, இது எப்புடிப் புயல் சாவாவும்? சாய்ச்சது புயலு சார், விழுந்ததுதான் லேட்டுன்னேன். அவரு சிரிச்சுக்கிட்டே, "என்னங்க, இயற்கை எய்தினார்னு நீங்களே மைக்குல சொல்லிட்டீங்க. இப்ப இல்லங்கறீங்க"ன்னாரு. அங்க இருந்த எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டேன். வெளிய வந்து டீக்கடையில ஒரு டீ வாங்குனேன், குடிக்காமயே கிளாஸ வச்சுட்டு வந்துட்டேன்.

சரி, பணம்தான் இல்ல, அந்த அறிவிப்பையாவது ரத்துப் பண்ணுங்க சார், அந்தப் பொம்பள இன்னும் அதே மண்ணு பக்கத்துல காத்துக் கெடக்குன்னு திரும்பவும் போனேன். அவரு தாளத் தேடி எடுத்துப் பாக்குறாரு. 'மறு அறிவிப்பு வரும் வரைன்னு நாங்க எங்கய்யா சொன்னோம்? நாங்க சொல்லாதத நாங்க எப்புடி ரத்துப் பண்றது?' பாருங்க தம்பி, எப்புடிப் பேசுறான்னு. வாசிச்சவன் நான், வாசிக்கச் சொன்னவன் அவன். ஒரு வார்த்தையப் புடிச்சுக்கிட்டு ஆளத் தட்டிக் கழிக்கிறான். இந்த ஆபீஸுங்களே இப்புடித்தான். நிறுத்துறதுக்கு ஓடியாந்து சொல்லுவாங்க, விடுறதுக்கு எவனும் வரமாட்டான். இன்னைக்குக் கூட்டத்துல அதத்தான் சொல்லப் போறேன். பணத்த முதல்ல குடு, கணக்க அப்புறம் எழுது. சனத்த இடிஞ்ச வீட்டுக்குக் காவல் வைக்காத. நிறுத்துற தாள்லயே விடுறதையும் எழுது. நல்லாருக்குல்ல? நானே கோத்து வச்சேன்.

என் பொழப்பு போன கதையச் சொல்லலியே. அதுதான் எனக்கு ஆத்தாமை.

வீரையன் போனப்புறம் அந்தப் பதிவ அழிச்சுட்டேன். என் கையால அழிச்சேன், சத்தியமா. சித்திர மாசம் அம்மன் கோயில்ல அன்னதானம், பாட்டுப் போட நம்ம செட்டுதான். ஊரே பந்தியில உக்காந்துருக்கு. எலை போட்டு, சோறு வச்சு, சாம்பாரும் ஊத்தியாச்சு. ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்த பாட்டு வர்ற சந்துல, மரத்துல கட்டுன ஸ்பீக்கர் கொழாயிலேருந்து என் குரலு வருது. 'மறு அறிவிப்பு வரும் வரை எதையும் தொட வேண்டாம்.' ஓடிப் போயி ஒயரப் புடுங்குறேன். திரும்பிப் பாத்தா, பந்தியில இருந்த அத்தன சனமும் எலையிலேருந்து கைய எடுத்துக்கிட்டு உக்காந்துருக்கு. ஒருத்தரும் சொல்லல, தானா எடுத்துருக்கு. சின்னப் புள்ளைங்க கூட.

அப்புறம் ஒருத்தன் சிரிச்சான், எல்லாரும் சிரிச்சாங்க, சாப்புட ஆரம்பிச்சாங்க. பந்தி கடைசியில தையல்நாயகி. அது மட்டும் கைய எடுத்தது எடுத்ததுதான். யாரு சொல்லியும் கேக்கல. சோத்துல ஈ மொய்க்குது, எலை ஓரம் சுருளுது, கைய மடியில வச்சுக்கிட்டு கொழாயவே பாத்துக்கிட்டு உக்காந்துருந்துச்சு. நான் பக்கத்துல போயி, சாப்புடும்மான்னு சொல்லியிருக்கணும். போகல. செட்டக் கட்டுற வேல இருந்துச்சு.

அதோட சரி. ராசியில்லாத குரல்னுட்டாங்க. கல்யாணத்துக்குக் கூப்புடுறதில்ல, காதுகுத்துக்குக் கூப்புடுறதில்ல. சாவுக்குக் கூட பக்கத்தூருலேருந்து ஆளு வர்றான். கரகரன்னு ஒரு குரலு அவனுக்கு, காணாமப் போன மாடு கூட திரும்பாது. ஆட்டோ தார்ப்பாயப் போத்திக்கிட்டு நிக்கிது. நான் பண்ண குத்தம் என்ன? குடுத்தத வாசிச்சேன்.

வாசிச்சு முடிச்சாலும் அது முடியல தம்பி. குளிக்கப் போனா கேக்குது. தலையில தண்ணிய ஊத்தும்போது, அந்தத் தண்ணி சத்தத்துக்குள்ள என் குரலு. சோத்துல கைய வைக்கிறப்ப கேக்குது. என் குரல்தான், எனக்கே தெரியாதா? ஆனா நான் பேசுறதில்ல.

என் சம்சாரம்தான் சொன்னா, ஒரு வார்த்தைதானே, நீயே போயி சொல்லிட்டு வந்துரேன்னு. நீங்களும் அதத்தான் நெனைக்கிறீங்க, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. போனேன். போன வாரம் ஆட்டோவக் கெளப்பிக்கிட்டு, கொழாயக் கட்டிக்கிட்டுப் போனேன். தெருக்கோடியில நிறுத்தி மைக்க எடுத்தேன். 'பொதுமக்களுக்கு ஓர் முக்கிய அறிவிப்பு'ன்னு ஆரம்பிச்சதும் தார்ப்பாய வெலக்கிக்கிட்டு வந்துச்சு. முந்தானைய இழுத்துச் சொருவிக்கிட்டு, ஆபீஸர் முன்னால நிக்கிற மாதிரி நின்னுச்சு. நான் அடுத்த வார்த்தையத் தேடுறேன். வரல. எத்தன வருஷமா மைக்கு புடிக்கிறேன், எனக்கு வார்த்த நின்னதே இல்ல.

"ஆபீஸுல சொல்லிட்டாங்களாண்ணே?"

"இல்லம்மா. நானாத்தான் சொல்லலாம்னு."



"நீங்களாச் சொல்லலாமாண்ணே?"

"சொல்லலாம்தான்... என்ன இப்ப."

"அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

கோவமாச் சொல்லல. அழல. கடையில ஒரு சாமானுக்கு வெல கேக்குற மாதிரி கேட்டுச்சு. கேட்டுட்டுத் தார்ப்பாய எறக்கி விட்டுக்கிட்டு உள்ள போயிட்டு. நான் கொழாயக் கழட்டிட்டு வந்துட்டேன்.

பாவம், அதுக்கு ஆபீஸ் நடைமுறை தெரியாது. நானாச் சொன்னா அது செல்லுமா? யாரு வேணா எத வேணா சொல்லிட்டுப் போறதா? மேலேருந்து வரணும் தம்பி. மேலேருந்து வந்தாத்தான் அது மேலேருந்து வந்ததா இருக்கும். கையெழுத்துப் போட்ட ஒரு தாளு இருந்துட்டா, இன்னைக்குத்தான் தொடலாம்னு ஆச்சு, அதுக்கு முன்னாடி யாரு நெனச்சாலும் சொல்லியிருக்க முடியாதுன்னு ஆயிடும்ல. அதுக்கும் ஒரு சமாதானம் பாருங்க. அதுக்குத்தான் சொல்றேன், அதோட நல்லதுக்கு.

அதோ, ஸ்டாண்டு வந்துட்டு. பேசிக்கிட்டே வந்ததுல தெரியல. இருங்க, கூட்டம் எறங்கட்டும். உக்காந்து உக்காந்து முட்டி புடிச்சுக்கிச்சு. நீங்க முன்னாடி எறங்குங்க, எறங்கிக்கிட்டு அந்தப் பையக் கொஞ்சம் எடுத்துக்குங்க, நான் கம்பியப் புடிச்சு மெல்ல வர்றேன்.

என்ன தம்பி, கையக் கிட்டக் கொண்டு போயிட்டு எடுத்துட்டீங்க? முன்ன சொன்னதுக்கா? அட, அது ஏதோ ஏறுன வேகத்துல சொன்னதுங்க. அப்பச் சொன்னா அப்பதான், அதுக்காக இப்பவுமா? நான்தானே சொன்னேன், நானே சொல்றேன், எடுங்க. ஒண்ணும் ஆவாது. தொடலாங்க. தொடலாம்.

ஏன் தம்பி அப்புடிப் பாக்குறீங்க?

இருங்க. நான் இப்ப என்ன சொன்னேன்?